கொழும்பைப் பார்க்க வருபவர்களுக்கு: எந்த இடம், எந்த நேரம்

எங்கள் வீடு வெள்ளவத்தையில், கடற்பக்க ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. விருந்தினர் வராத மாதம் என்று ஒன்று எனக்கு நினைவில்லை. விசா அலுவல், வைத்தியம், கலியாணத்துக்கு உடுப்பு எடுப்பது, வெளிநாடு போகிறவரை வழியனுப்புவது என்று ஏதாவது ஒரு காரியமாக யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் பதுளையிலிருந்தும் உறவினர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். காரியம் முடிந்த பிறகு ஒரு நாளோ இரண்டு நாளோ கையில் மிஞ்சும். “அக்கா, கொழும்பில் பார்க்க என்ன இருக்கிறது?” என்று கேட்பார்கள்.

நிறைய இருக்கிறது. ஆனால் இந்த ஊரை நேரம் பார்த்துத்தான் பார்க்க வேண்டும். நண்பகலில் காலிமுகத்திடலுக்குப் போனால் ஒதுங்க ஒரு மர நிழல் கிடையாது. பகல் ஒரு மணிக்குக் கொச்சிக்கடைச் சிவன் கோயிலுக்குப் போனால் நடை சாத்தியிருக்கும். இரவு எட்டு மணிக்குப் புறக்கோட்டைக்குப் போனால் இழுத்து மூடிய கதவுகளைத்தான் பார்க்கலாம். இப்படிப் போய்விட்டு வந்து “வெயிலும் நெரிசலும்தான் கொழும்பு” என்று சொன்னவர்கள் எங்கள் வீட்டிலேயே பலர். ஆகவே இடங்களின் பட்டியலை விட்டு, காலையிலிருந்து இரவு வரை எந்த வரிசையில் போகலாம் என்று எழுதுகிறேன். இரண்டு நாள் இருந்தால் நிதானமாகப் பார்க்கலாம். ஒரே நாள்தான் என்றால் எதை விடலாம் என்பதையும் இடையில் சொல்கிறேன்.

முதலில் ஊரின் அமைப்பு

மேற்கே கடல். கடலை ஒட்டித் தெற்கு நோக்கிப் போவது காலி வீதி. இதை மனத்தில் பதித்துக்கொண்டால் கொழும்பில் வழி தவறுவது கடினம். காலி வீதியில் யாரிடம் வழி கேட்டாலும் “கடற்பக்கமா, மறுபக்கமா?” என்று திருப்பிக் கேட்பார்கள். ஒழுங்கையின் பெயர் மறந்தாலும் பக்கத்தை மறந்துவிடாதீர்கள்.

அடுத்தது இலக்கங்கள். கொழும்பு 01 கோட்டை, 02 கொம்பனித்தெரு, 03 கொள்ளுப்பிட்டி, 04 பம்பலப்பிட்டி, 06 வெள்ளவத்தை, 07 கறுவாத்தோட்டம், 11 புறக்கோட்டை, 13 கொட்டாஞ்சேனை. மொத்தம் 15 இருந்தாலும் சுற்றிப் பார்க்க வருபவருக்கு இந்த எட்டும் போதும்.

இன்னொன்றும் கவனியுங்கள். இங்கே பல இடங்களுக்குத் தமிழில் ஒரு பெயரும், தொலைபேசி வரைபடத்தில் வேறொரு பெயரும் இருக்கும். நாம் செட்டியார் தெரு என்பதை வரைபடம் ஆங்கிலத்தில் ‘சீ ஸ்ட்ரீட்’ என்று காட்டும். புதுக்கடை அங்கே ‘ஹல்ஸ்டோர்ப்’ ஆகிவிடும். கொம்பனித்தெருவுக்குச் சிங்களத்தில் ‘கொம்பஞ்ஞ வீதிய’ என்று பெயர். ஆங்கிலேயர் வைத்த பெயரோ ‘ஸ்லேவ் ஐலண்ட்’, அதாவது அடிமைத் தீவு. போக வேண்டிய இடங்களின் பெயரை இரண்டு விதமாகவும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

வந்து சேர்வதும் போய் வருவதும்

ரயிலில் வந்தால் கோட்டை நிலையத்தில் இறங்குவீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து இரவில் புறப்படும் சொகுசு பஸ்களில் பல வெள்ளவத்தை வரை வரும். கட்டுநாயக்க விமான நிலையம் நகரிலிருந்து சுமார் 30 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து 187ஆம் இலக்க பஸ் நகருக்கு வருகிறது.

நகருக்குள் காலி வீதி வழியே போவதற்கு 100, 101 இலக்க பஸ்கள் புறக்கோட்டையிலிருந்து அடிக்கடி புறப்படும். நகர மண்டபம், விகாரமகாதேவி பூங்கா பக்கம் போக 138. ஏறியதும் நடத்துனரிடம் இறங்கும் இடத்தைச் சொல்லிப் பணத்தைக் கொடுங்கள். சில்லறை உடனே வராது, கூட்டத்தைச் சுற்றிவிட்டு வந்துதான் தருவார். இறங்கும் முன் நினைவாகக் கேட்டு வாங்குங்கள். ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் இருவருக்கும் சங்கடம், நூறும் ஐம்பதுமாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். முன் ஆசனங்கள் மதகுருமாருக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஒதுக்கப்பட்டவை, அவற்றில் அமர வேண்டாம்.

முச்சக்கரவண்டியைத் தெருவில் மறித்து ஏறுவதைவிட, பிக்மீ அல்லது ஊபர் செயலியில் அழைப்பது மேல். போன வருடம் என் சித்தப்பா கோட்டை நிலைய வாசலில் விலை பேசாமல் ஏறி, வெள்ளவத்தைக்கு வரச் செயலி காட்டுவதைப் போல மூன்று மடங்கு கொடுத்துவிட்டு வந்தார். பணம் போனதைவிட, ஊருக்கு வந்த முதல் மணி நேரத்திலேயே ஏமாந்துவிட்டோமே என்பதுதான் அவரை அன்று முழுவதும் வருத்தியது. செயலி இல்லாவிட்டால் மீட்டர் போடச் சொல்லுங்கள், அதுவும் இல்லையென்றால் ஏறும் முன் தொகையைப் பேசுங்கள்.

சிங்களம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை எங்கும் தமிழ் செல்லும். மற்ற இடங்களுக்கு மூன்று சொற்கள் கைகொடுக்கும்: ‘கீயத?’ என்றால் எவ்வளவு, ‘கொஹெத?’ என்றால் எங்கே, ‘பஹினவா’ என்றால் இறங்குகிறேன். பஸ்ஸில் அந்த மூன்றாவது சொல்லைத்தான் உரக்கச் சொல்ல வேண்டும்.

அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு, குடை, தண்ணீர்ப் போத்தல், எளிதில் கழற்றிப் போடக்கூடிய செருப்பு இவை கையில் இருக்கட்டும். கோயில், விகாரை, பள்ளிவாசல், தேவாலயம் நான்குக்கும் ஒரே நாளில் போகப் போகிறீர்கள். தோளும் முழங்காலும் மூடிய பருத்தி உடுப்பாக இருந்தால் எங்கும் தடையில்லை.

காலை ஏழரை: புறக்கோட்டை

கோட்டை ரயில் நிலையத்தின் முன்னால், பௌத்தக் கல்விக்குப் பாடுபட்ட அமெரிக்கர் ஒல்கொட்டின் சிலை நிற்கிறது. அங்கிருந்து கான் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குச் சிறிது நடை. பம்பாயிலிருந்து வந்த கான் என்ற பார்சிக் குடும்பத்தார் தந்தையின் நினைவாக 1923இல் அதைக் கட்டினார்கள். அதைத் தாண்டினால் பிரதான வீதி தொடங்குகிறது. இடையிடையே முதலாம் குறுக்குத் தெரு, இரண்டாம் குறுக்குத் தெரு என்று வரிசையாகக் கிளை பிரியும். ஒவ்வொரு தெருவிலும் ஒரு வகைச் சரக்கு: மின்சாரச் சாமான், துணி, பலசரக்கு, கடதாசி, கயிறு.

ஏழரைக்கு ஏன் வரச் சொல்கிறேன் என்றால், அந்த நேரத்தில்தான் கடைகள் திறக்கும், லொறிகளிலிருந்து மூட்டை இறங்கும். நாட்டாமிகள் என்று நாங்கள் அழைக்கும் சுமை தூக்கும் தொழிலாளர்களைப் பாருங்கள். நீண்ட தட்டுவண்டியில் ஆளுயரத்துக்குப் பெட்டிகளை அடுக்கி, ஒருவர் முன்னால் இழுக்க ஒருவர் பின்னால் தள்ள, பஸ்ஸுக்கும் சுவருக்கும் இடையில் கிடைக்கும் இடைவெளியில் திருப்பிக் கொண்டுபோவார்கள். தோளில் மடித்துப் போட்ட சாக்கு, வெற்றிலை போட்ட வாய், ‘ஓரம், ஓரம்’ என்ற குரல். அந்தக் குரல் கேட்டதும் சுவரோடு ஒட்டி நில்லுங்கள். ஏற்றிய வண்டியை நினைத்த இடத்தில் நிறுத்த அவர்களால் முடியாது. நின்று படம் எடுப்பவர் அவர்களுடைய ஒரு நாள் கூலிக்குக் குறுக்கே நிற்கிறார் என்பதை மறக்கக் கூடாது.

இரண்டாம் குறுக்குத் தெருவில் திரும்பினால் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு கட்டடம் தெருவையே அடைத்துக்கொண்டு எழும். ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல். நம்மவர் வாயில் அது சம்மாங்கோட்டுப் பள்ளி. தென்னிந்தியாவிலிருந்து வணிகத்துக்கு வந்த முஸ்லிம்கள் 1908இல் கட்டத் தொடங்கி அடுத்த ஆண்டே முடித்தார்கள். முதலில் எதிர்ச்சாரியில் நின்று பாருங்கள். சுவர் முழுவதும் பட்டை பட்டையாகவும், தூண்களில் முறுக்கு முறுக்காகவும், சில இடங்களில் கட்டம் கட்டமாகவும் அதே இரண்டு நிறங்களே வருகின்றன. உச்சியில் இருக்கும் குமிழ்கள் மாதுளம்பழத்தை நினைவூட்டும். வெயில் ஏறும்வரை அந்தச் சிவப்பு கண்ணைக் கூசாது, காலையில் பார்க்க இதுவும் ஒரு காரணம். தொழுகை நேரம் தவிர்த்துப் பார்வையாளர்களை உள்ளே விடுவார்கள். வாசலில் இருப்பவரிடம் அனுமதி கேளுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலை விட்டுவிடுங்கள்.

பிரதான வீதியின் மறுமுனையில் பழைய நகர மண்டபமும், அதன் அருகே கேமன் வாசல் என்னும் இடத்தில் ஒரு மணிக்கூண்டும் இருக்கின்றன. ஒல்லாந்தர் மொழியில் கேமன் என்றால் முதலை. கோட்டையின் அகழியில் முதலைகள் இருந்த காலத்துப் பெயர். போர்த்துக்கேயரிடமிருந்து 1656இல் ஒல்லாந்தர் பிடித்தது, 1796இல் அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் பெற்றது எல்லாம் இந்தக் கோட்டையைத்தான். மதிலை ஆங்கிலேயரே பின்னர் இடித்துவிட்டார்கள். ஊரின் உள்ளே ‘கோட்டை’, மதிலுக்கு வெளியே ‘புறக்கோட்டை’ என்ற இரண்டு பெயர்களும் மட்டும் எஞ்சியிருக்கின்றன.

செட்டியார் தெருவிலிருந்து கொச்சிக்கடை வரை

நடக்க முடிந்தவர்கள் தவறவிடக் கூடாத பகுதி இது. ஒரே ஒரு காலைதான் உங்களிடம் இருக்கிறது என்றால் தாமரைக் கோபுரத்தை விட்டுவிட்டு இதைப் பாருங்கள்.

பழைய நகர மண்டபத்தின் அருகிலிருந்து வடக்கே போவது செட்டியார் தெரு. இரு மருங்கும் நகைக் கடைகள். தாலிக்கொடிக்காக நாடெங்கிலுமிருந்து தமிழ்க் குடும்பங்கள் இன்றும் இங்கேதான் வருகின்றன. இடையில் பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும் அருகருகே இருக்கின்றன. காலைப் பசிக்கு இங்கேயே ஒரு சைவக் கடைக்குள் நுழையுங்கள். வாழையிலைத் துண்டு போட்ட தட்டில் தோசை, சம்பல், சாம்பார், கூடவே சூடான உளுந்து வடை. தமிழ்ப் புத்தகம் தேடுபவர்களுக்கு பூபாலசிங்கம் புத்தகசாலையும் இந்தத் தெருவில்தான் இருக்கிறது. 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறையில் இந்தப் பகுதியில் எத்தனையோ தமிழர் கடைகள் எரிந்தன. மீண்டும் கட்டி அதே இடத்தில் பெயர்ப்பலகையை மாட்டியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று பல கடைகளில் கல்லாவில் இருக்கிறார்கள். வயதான முதலாளி ஒருவர் பேசும் மனநிலையில் இருந்தால் அவசரப்படாமல் கேளுங்கள்.

வலப்புறம் மேட்டில் ஏறினால் வுல்ஃபெண்டால் தேவாலயம். ஒல்லாந்தர் 1749இல் தொடங்கி 1757இல் வழிபாட்டுக்குத் திறந்தது. இங்கே திரிந்த நரிகளை ஓநாய்கள் என்று நினைத்து ‘ஓநாய்ப் பள்ளத்தாக்கு’ என்று பெயர் வைத்ததாகச் சொல்வார்கள். தடித்த சுவர்கள், தரையில் பதித்த பழைய கல்லறைக் கற்கள். வெளியே எவ்வளவு வெக்கையாக இருந்தாலும் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும்.

பிறகு ஸ்ரீ இராமநாதன் மாவத்தையில் இருக்கும் பொன்னம்பலவாணேசர் கோயில். பதினொரு மணிக்குள் வந்துவிட வேண்டும், நண்பகலுக்குப் பின் நடை சாத்திவிடுவார்கள். பொன்னம்பல முதலியார் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கட்டிய கோயிலை, அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை முழுக்க முழுக்கக் கருங்கல்லால் மீண்டும் எழுப்பினார். இலங்கைக் கோயில்களுக்குப் பழகிய கண்ணுக்கு இது வேறாகத் தெரியும். நாம் வழக்கமாகப் பார்ப்பது வண்ணம் பூசிய சுவரும் பளபளக்கும் தரையும். இங்கே வண்ணமே இல்லை. தூண், உத்தரம், கூரை எல்லாம் கல், எண்ணெய்ப் புகை படிந்து கருத்த கல். உள்ளே போனதும் கண் பழகச் சிறிது நேரம் பிடிக்கும். அதற்குள் அவசரப்பட்டுச் சுற்றிவிடாமல் ஒரு தூணின் அருகே நின்று அதைக் கையால் தொட்டுப் பாருங்கள். கழுத்தளவுக்கு மேல் உளியின் கூர்மை அப்படியே இருக்கும். கை படும் உயரத்தில் நூறு ஆண்டுக் கைகள் தேய்த்து வழவழப்பாகியிருக்கும். நாதஸ்வரம் தொடங்கினால் ஓசை அந்தக் கல் மண்டபத்தில் சுற்றிச் சுற்றி வரும். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போவது வழக்கம். உள்ளே படம் எடுக்க வேண்டாம்.

அங்கிருந்து சில நிமிட நடையில் கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம். கத்தோலிக்கர் மட்டுமல்ல, இந்துக்களும் பௌத்தர்களும் முஸ்லிம்களும் நேர்த்தி வைத்து மெழுகுதிரி ஏற்ற வரும் இடம். செவ்வாய்க்கிழமைகளில் கூட்டம் வாசலைத் தாண்டி வீதியில் நிற்கும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் குண்டு வெடித்த தேவாலயங்களில் இதுவும் ஒன்று. இறந்தவர்களுக்கான நினைவிடம் உள்ளேயே இருக்கிறது. பைகளைச் சோதிப்பார்கள், முகம் சுளிக்காமல் காட்டுங்கள். நீங்கள் எந்தச் சமயத்தவராக இருந்தாலும் ஒரு திரி ஏற்றிவிட்டு வாருங்கள்.

வெயில் உச்சிக்கு வந்ததும்: அருங்காட்சியகம்

பன்னிரண்டிலிருந்து மூன்று வரை வீதியில் இருக்கக் கூடாது. கறுவாத்தோட்டத்தில் தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது, அந்த மூன்று மணி நேரத்தை அதற்குக் கொடுங்கள். இலங்கையர், வெளிநாட்டவர், பிள்ளைகள் என்று கட்டணம் வேறுபடும், அடையாள அட்டை கையில் இருக்கட்டும். விடுமுறை நாள், போயா என்னும் பௌர்ணமி நாள் என்றால் திறந்திருக்கிறதா என்று முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1877ஆம் ஆண்டு புதுவருட நாளில், ஆளுநர் கிரகரியின் காலத்தில் திறக்கப்பட்டது. கட்டியவர் வாப்பிச்சி மரிக்கார் என்ற சோனக முஸ்லிம். கட்டடத்தைப் பார்த்து மகிழ்ந்த ஆளுநர் என்ன வேண்டும் என்று கேட்டதாகவும், வெள்ளிக்கிழமைகளில் அருங்காட்சியகத்தை மூடி வைக்க வேண்டும் என்று மட்டும் மரிக்கார் கேட்டதாகவும் ஒரு கதை உண்டு.

உள்ளே கண்டி அரசரின் சிம்மாசனத்தின் முன்னால் எப்போதும் கூட்டம் இருக்கும். 1693இல் ஒல்லாந்தர் அன்பளிப்பாகக் கொடுத்தது, பின்னர் இங்கிலாந்துக்குப் போய் 1934இல் திரும்பி வந்தது. பாருங்கள். ஆனால் அங்கேயே களைத்துவிடாதீர்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்தவருக்கு வேறு இரண்டு இடங்கள் காத்திருக்கின்றன.

ஒன்று, பொலன்னறுவைச் சிவாலயங்களில் கிடைத்த வெண்கலங்கள். நடராசர் உண்டு, அம்மன் உண்டு, நாயன்மார் உண்டு. அவற்றுக்கிடையே எலும்பும் தோலுமாகக் கையில் தாளத்தோடு உட்கார்ந்திருக்கும் காரைக்கால் அம்மையாரைத் தேடிப் பாருங்கள். உருவம் சிறியது. குனிந்து முகத்தைப் பார்த்தால், வற்றிய கன்னத்தில் அத்தனை நிறைவான ஒரு சிரிப்பு.

மற்றது, கல்வெட்டுகளின் பகுதியில் இருக்கும் காலி மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்தது, அதில் பொறித்த ஆண்டு 1409. தலைப்பகுதி வளைந்து, அங்கே இரண்டு டிராகன்கள் எதிரெதிராகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. வலப்பக்கம் சீனம், இடப்பக்கம் மேலே தமிழ், கீழே பாரசீகம். சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது, பாரசீகம் அல்லாஹ்வைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி, இன்றைய தேவேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த தேனவரை நாயனாருக்குப் பொன்னும் வெள்ளியும் பட்டும் கொடுத்ததைச் சொல்கிறது. மூன்று மொழியாருக்கும் மூன்று தெய்வங்களுக்கும் ஒரே கல்லில் மரியாதை. 1911இல் காலியில் கண்டெடுத்தபோது அது ஒரு மதகின் மேல் மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடந்தது.

என் மருமகளுக்குப் பத்து வயது. போன விடுமுறையில் அவளை அதன் முன்னால் நிறுத்தினேன். எழுத்துகள் தேய்ந்திருக்கின்றன, வடிவமும் சற்று வேறு. கண்ணாடியில் மூக்கை ஒட்டாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் விரலைக் காற்றில் ஓட்டி “இது ‘ய’ மாதிரி இருக்கிறது, அத்தை. இது ‘ன’” என்றாள். பிறகு அரை மணி நேரம் அவளை அங்கிருந்து நகர்த்த முடியவில்லை. பிள்ளைகளோடு வருபவர்கள் அந்த அரை மணி நேரத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே வந்தால் விகாரமகாதேவி பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. அதை ஒட்டிய ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் ஓவியர்கள் படங்களைச் சாய்த்து வைத்து விற்பார்கள். கீழைக் கலையை உலகுக்கு எடுத்துச் சொன்ன குமாரசுவாமி 1877இல் இதே கொழும்பில் பிறந்தவர்.

மூன்று மணிக்குப் பின்

பேரே வாவிக்கரையில் கங்காராமய விகாரையும், வாவியின் நீர்மேல் நிற்கும் சீமா மாலகயவும் இருக்கின்றன. பின்னதை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா. சிறிய மரப்பாலம், நீல ஓடுகள், வரிசையாகப் புத்தர் சிலைகள். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுப்பது இந்நாட்டில் அவமதிப்பாகவே கொள்ளப்படும், பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அருகே கொம்பனித்தெருவில் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலின் கோபுரம் உயர்ந்து நிற்கிறது. நடை மாலையில் திறக்கும்.

தாமரைக் கோபுரம் சுமார் 350 மீற்றர் உயரம், பொதுமக்களுக்குத் திறந்தது 2022 செப்டம்பரில். மேலிருந்து துறைமுகமும் வாவியும் அழகாகத் தெரியும். மழை மேகம் இருந்தால் டிக்கெட்டுக்குக் கொடுக்கும் பணம் வீண். எனக்கு அது இரண்டாம் நாளுக்குரிய இடம்.

கோட்டைப் பகுதியை ஞாயிறு மாலை பார்ப்பது சுகம், அலுவலகக் கூட்டம் இராது. 17ஆம் நூற்றாண்டு ஒல்லாந்தர் வைத்தியசாலை இப்போது உணவகங்களும் கடைகளுமாக இருக்கிறது. விலை கூடுதல்தான், முற்றத்தில் நடந்து தடித்த தேக்கு உத்தரங்களைப் பார்த்துவிட்டு வரக் காசு வேண்டாம். அருகில் நடுவீதியில் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரம் 1857இல் கட்டியது. பிறகு அதன் தலையில் விளக்கேற்றி வெளிச்ச வீடாகவும் பயன்படுத்தினார்கள். சுற்றிலும் உயரக் கட்டடங்கள் எழுந்து கப்பல்களுக்கு ஒளி மறைந்ததால் 1952இல் விளக்கை நிறுத்திவிட்டார்கள்.

கடலோர ரயில்

இருபது முப்பது நிமிடத்தில் இவ்வளவு மகிழ்ச்சி தரும் வேறு பயணம் கொழும்பில் இல்லை. கோட்டை நிலையத்தில் கல்கிசை, பாணந்துறைப் பக்கம் போகும் ரயிலுக்கு வெள்ளவத்தை டிக்கெட் எடுங்கள். விலை மிகக் குறைவு. தெற்கே போகும்போது வலப்பக்கம் அமருங்கள். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவில் பாறைகள் மட்டுமே. அலை உயர்ந்த நாளில் ஜன்னலில் உப்புத்துளி தெறிக்கும். நாலரைக்குப் பின் அலுவலகம் விட்டு வரும் கூட்டத்தில் மூச்சுத் திணறும், ஆகவே அதற்கு முன் ஏறிவிடுங்கள். வாசலில் தொங்கியபடி படம் எடுக்க முயல்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும், தயவுசெய்து வேண்டாம். தண்டவாளத்தின் மேல் நடப்பதும் வேண்டாம். கடலின் இரைச்சலில் ரயில் வருவது கேட்காது.

வெள்ளவத்தையில் இறங்கினால் ஊருக்குத் திரும்பியது போல இருக்கும். காலி வீதியில் சேலைக் கடைகள், மரக்கறிச் சந்தை, யாழ்ப்பாணத்து முருங்கைக்காயும் பனங்கிழங்கும் ஒடியல் மாவும். 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம். 1942இல் தொடங்கிய அமைப்பு, நல்ல நூலகம் உண்டு. மாலையில் அடிக்கடி புத்தக வெளியீடோ உரையோ நடக்கும். அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டு நேரே உள்ளே போய் உட்காரலாம், அழைப்பிதழ் தேவையில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும், அல்லது கல்லில் தகரம் தட்டும் ஓசை கேட்கும் திசையில் போய்க் கொத்து ரொட்டி.

இங்கே கடலில் இறங்கிக் குளிக்க வேண்டாம், பாறையும் சுழியும் உண்டு. குளிக்க ஆசைப்படுபவர்கள் கல்கிசைக் கடற்கரைக்குப் போங்கள், அதுவும் மே முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளிக்கும் காலத்தில் வேண்டாம்.

சூரியன் மறைவதற்கு ஒரு மணி முன்: காலிமுகத்திடல்

இதை இரண்டாம் நாள் மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பில் வருடம் முழுவதும் ஆறு, ஆறரைக்குள் பொழுது சாயும், ஐந்து மணிக்கு அங்கே இருந்தால் சரி. ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் ஒழுங்குபடுத்திய திடல். தெற்கு முனையில் 1864இல் தொடங்கிய காலிமுக ஹோட்டல், வடக்கே பழைய பாராளுமன்றக் கட்டடம், கடலை நிரப்பி உருவாக்கிய துறைமுக நகரம். 2022இல் மூன்று இன மக்களும் அரசுக்கு எதிராக மாதக்கணக்கில் கூடாரமடித்துப் போராடியதும் இந்தப் புல்வெளியின் ஓரத்தில்தான்.

இசுவடை என்னும் இறால் வடையை இங்கே சாப்பிடாமல் போகக் கூடாது. தட்டையான பருப்பு வடையின் மேல் இரண்டு மூன்று இறால்கள் தலையோடு ஒட்டியிருக்கும். அடுக்கி வைத்திருப்பதை வாங்காமல், எண்ணெயிலிருந்து அப்போது எடுப்பதைக் கேட்டு வாங்குங்கள். வெங்காயமும் மிளகாய்ச் சம்பலும் மேலே போட்டுத் தருவார்கள். காற்றில் கடதாசி பறக்கும், இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நாள் தேர்ந்தெடுக்க முடிந்தவர்களுக்குக் கடைசியாக ஒன்று. மழை குறைந்த தை, மாசி நல்ல காலம். ஆனால் ஆடி மாதம் வர முடியுமென்றால் முருகனுக்கு எடுக்கும் ஆடிவேல் விழாவின் தேதியைக் கேட்டு அதற்கேற்ப வாருங்கள். செட்டியார் தெருவிலிருந்து காலையில் புறப்படும் வேல் ரதம் கோட்டையைக் கடந்து, காலிமுகத்திடல் வழியே காலி வீதியில் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலை நோக்கி மெல்ல வரும். கொள்ளுப்பிட்டியில் கடற்பக்க நடைபாதையில் இடம் பிடித்து, கையில் ஒரு தேங்காயோடு நில்லுங்கள்.